அமரர் மரண நிர்ணயம்: டோல்கீன் உலகத்து ஆவிகளின் போஜனம் பற்றிய விசாரணை

இறவாதவர் இறப்பாரோ என்னும் வினாவை எடுத்துக்கொண்டு விடியும்வரை வாதிக்கக் கூடியவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்பதையும், அவர்களுள் பெரும்பாலோர் மற்ற விஷயங்களில் நல்ல புத்தி உடையவர்களே என்பதையும், இந்த விசாரணைக்குள் நுழைவதற்கு முன் வாசகர்கள் தயவுசெய்து ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் வாதிப்பது நம் தேவாசுரர்களைப் பற்றி அன்று. அந்தத் துறையில் நம் புராணிகர்கள் பின்வந்தோர்க்கு வேலை வைத்துவிட்டுப் போகவில்லை. பாற்கடலில் கடைந்தெடுத்த அமிர்தம் எவர் தொண்டையில் எவ்வளவு தூரம் இறங்கிற்று என்பதைக் கொண்டே, வெட்டுண்ட பின்னும் ராகுவின் தலை ஏன் சாகவில்லை என்பதை ஐயத்துக்கு இடமின்றித் தீர்த்துவிட்டார்கள். வழக்கு நடப்பது ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் ஒருவர், பரீட்சைத் தாள்களைத் திருத்திய நேரம் போக எஞ்சிய நேரத்தில் படைத்த மத்திய பூமி என்னும் வேறோர் உலகத்தைப் பற்றி. அமரத்துவம் வாய்வழியே வரும் என்பது நம் புராணிகர் கண்ட முடிவு. வந்த வழியே அது போகவும் கூடும் என்பதை அந்த அயல் உலகத்துச் சான்றுகளைக் கொண்டே ஸ்தாபிப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1892-இல் பிறந்து 1973-இல் காலமானவர். 1925 முதல் 1945 வரை ஆங்கிலோ-சாக்ஸன் மொழிக்கும், அதன்பின் 1959 வரை ஆங்கில மொழி இலக்கியத்துக்கும் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக விளங்கினார். 'ஹாபிட்' என்னும் சிறுவர் நூல் 1937-இலும், 'மோதிரங்களின் தலைவன்' என்னும் பெருநூல் மூன்று பாகங்களாக 1954, 1955 ஆண்டுகளிலும் வெளிவந்தன. ஆயினும் ஆவிகள் சாகுமா என்ற கேள்விக்கு ஆசிரியர் செத்த பிறகுதான் விடைகள் மிகுதியாக வரத் தொடங்கின என்பது இத்துறையின் விசித்திரங்களுள் ஒன்று. அவருடைய புதல்வர் கிறிஸ்டோபர் டோல்கீன் 1977-இல் 'சில்மரிலியன்' என்னும் நூலைப் பதிப்பித்ததோடு நில்லாமல், தந்தையார் அடித்தும் திருத்தியும் கைவிட்டும் போட்டிருந்த காகிதங்களை 1983 தொடங்கி 1996 வரை பன்னிரண்டு சம்புடங்களாக வெளியிட்டார். ஒரே பாத்திரம் ஒரு காகிதத்தில் மடிந்தும், மற்றொரு காகிதத்தில் பிழைத்தும், மூன்றாவதில் பிறவாமலே இருந்தும் காணப்படுகின்ற அந்தப் பெருங்கடலில் இறங்கியவர் எவரும் வெறுங்கையோடு கரையேறியதில்லை. ஒரே கருத்தோடு கரையேறியதும் இல்லை.

அவ்வுலகத்தின் அமைப்பைச் சுருங்கச் சொல்லிவிடலாம். இலூவாத்தார் என்னும் ஏக பரம்பொருள் ஐனூர் என்னும் ஆவிகளைப் படைத்து, அவர்களைப் பாடச் சொல்லி, அந்தச் சங்கீதத்திலிருந்தே பிரபஞ்சத்தை உண்டாக்கினார். அதில் இறங்கி வந்தவர்களுள் பெரியவர்கள் வாலார். எழுவர் ஆடவர், எழுவர் பெண்டிர். அவர்களோடு இறங்கி, எல்லோரினும் வலியவனாயிருந்தும் கெட்டுப்போய்க் கணக்கிலிருந்து நீக்கப்பட்டவன் மெல்கோர். வாலாருக்கு அடுத்த படியில் நிற்பவர்கள் மையார். நம் வழக்கில் பிரதிவாதிகளாக வருவோர் பெரும்பாலும் இந்த மையார் வகுப்பினரே. காண்டால்ஃப், சாருமான், சௌரோன், மெலியன், நெருப்பும் நிழலுமாய்த் திரியும் பால்ராக்குகள் யாவரும் ஒரே குலத்துப் பிறந்தவர்கள். இவர்களுக்குச் சரீரம் என்பது மேலாடை. வேண்டும்போது தரித்து வேண்டாதபோது களையலாம். எல்ஃப் இனத்தார் கொலையுண்டால் அவர்களுடைய ஆத்மா மேற்றிசையிலுள்ள மண்டோஸின் மண்டபங்களுக்குச் சென்று காத்திருந்து மறுபடி உடல் பெறும் ஆதலால், அவர்கள் மரணத்தை ஒரு நீண்ட பிரயாணம் என்று கொண்டு விட்டுவிடலாம். உலகத்தை விட்டே ஒழிந்து போகும் உரிமை மானிடருக்கு மட்டும் உண்டு. அது தண்டனையன்று, இறைவன் தந்த வரம் என்பது அந்நூல்களின் துணிபு.

இனி, இறப்பு என்பது எது என்று வரையறுத்துக் கொள்ளாமல் இறந்தாரா இல்லையா என்று பேசுவது கூச்சலேயன்றி வாதமாகாது. உடல் விழுவதே மரணம் என்று கொண்டால் மையார் தாராளமாகச் சாகிறார்கள். ஆத்மா இல்லாமற் போவதே மரணம் என்று கொண்டால் ஒருவரும் சாகவில்லை. முந்தியதை வைத்துக்கொண்டு சண்டையிடுவோர் ஒரு கட்சி. பிந்தியதை வைத்துக்கொண்டு சண்டையிடுவோர் மறு கட்சி. இரு கட்சியாரும் வெவ்வேறு கேள்விக்குச் சரியான விடை சொல்லி ஒருவரையொருவர் மூடர் என்கிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே உடல் விழுந்த பின் ஆவி மறுபடி எழுந்து ஒரு காரியம் செய்ய வல்லதா என்னும் மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த வன்மையை ஓர் ஆவி எதனால் இழக்கிறது என்று கண்டுவிட்டால் வழக்கு தீர்ந்தது.

இதற்கு விடை, எவரும் தேடாத ஒரு மூலையிலிருந்து கிடைக்கிறது. பெங்கோலோத் என்னும் எல்ஃப் பண்டிதர் ஒருவரின் கருத்துகளைச் சுருக்கிச் சொல்லுவதாகப் பாவனை செய்து டோல்கீன் ஒரு சிறு ஆராய்ச்சியுரை எழுதி வைத்திருந்தார். அது 1998-இல்தான் அச்சேறிற்று. இல்லாத பண்டிதர், இல்லாத சாஸ்திரத்தை, இல்லாத மாணாக்கர்களுக்கு விளக்கும் அந்த உரையின் கம்பீரத்தைக் கண்டால், போலி ஆராய்ச்சி எழுதப் புகும் எவருக்கும் பேனா கூசும். அதில் சொல்லியிருப்பதாவது: ஓர் ஆவி ஒரே உடலை நெடுங்காலம் தரித்து, அதைத் தன் சுகத்துக்கும் சொந்தக் காரியங்களுக்கும் பயன்படுத்துமாயின், அவ்வுடலின்றி இயங்குவது அதற்கு வரவரக் கடினமாகும்; அழகிய ஒலியிலும் உருவத்திலும் இன்புறுவது அவ்வாறு கட்டாது; உண்பதும் குடிப்பதும் கட்டும்; எல்லாவற்றிலும் இறுக்கமாகக் கட்டுவது பிள்ளை பெறுவது. ஆக, அமரன் ஒருவன் சங்கீதக் கச்சேரிக்கு எத்தனை முறை போனாலும் குற்றமில்லை; பந்தியில் உட்கார்ந்தால்தான் ஆபத்து. இந்த விதியை யாரும் பிரதிவாதிகளின் சாப்பாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை ஆகையால், அப்பணியை இங்கே மேற்கொள்ளுகிறோம்.

முதலில் காண்டால்ஃபை எடுத்துக்கொள்வோம். சௌரோனை எதிர்க்க மக்களுக்குத் துணையாக மேற்கிலிருந்து அனுப்பப்பட்ட ஐந்து மந்திரவாதிகளுள் ஒருவரான இவர், மூன்றாம் யுகத்தில் ஏறக்குறைய 1000-ஆம் ஆண்டில் கிழவர் வடிவில் வந்து சேர்ந்தார். அவ்வடிவம் வேஷம் அன்று. பசியும் தாகமும் களைப்பும் அச்சமும் உடைய மெய்யான உடல் என்றும், கொன்றால் சாகக் கூடியது என்றும் நியமன நிபந்தனையிலேயே கண்டிருக்கிறது. ஆகவே அவர் உண்டதைக் குற்றமாகக் கொள்வதற்கில்லை. ஆனால் விருப்பத்தோடு உண்டார் என்பதற்குச் சாட்சியம் பலமாக இருக்கிறது. 'ஹாபிட்' நூலின் முதல் அத்தியாயத்திலேயே, அழையாத விருந்தாளிகள் பதின்மூவரைப் பில்போவின் வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, தமக்குக் கொஞ்சம் சிவப்புத் திராட்சை மது போதும் என்று சாதுவாகச் சொன்னவர், சற்று நேரத்துக்கெல்லாம் ஆறிய கோழிக்கறியையும் தக்காளியையும் எடுத்துவரச் சொல்லுகிறார். 1966-இல் டோல்கீன் இந்நூலைத் திருத்தியபோது தக்காளியை எடுத்துவிட்டு ஊறுகாயை வைத்தார். மத்திய பூமியில் தக்காளி விளையலாகாது என்பதற்காகச் செய்தார் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. எப்படியாயினும், தாம் படைத்த அமரன் ஒருவன் தொட்டுக்கொள்வது எது என்பதைப் பற்றி முப்பதாண்டு கழித்தும் கவலைப்பட்ட ஆசிரியர், அமரர்களின் உணவை அற்ப விஷயமாகக் கருதியிருக்க முடியாது என்பது நமக்குப் போதும்.

காண்டால்ஃபின் மரணத்துக்கு வருவோம். மூன்றாம் யுகம் 3019, ஜனவரி 15-ஆம் நாள், மோரியா என்னும் சுரங்க நகரத்துப் பாலத்தில் பால்ராக்கோடு பொருது இருவரும் பாதாளத்தில் வீழ்ந்தார்கள். அங்கிருந்து முடிவில்லாப் படிக்கட்டு வழியாக ஏறி மலையுச்சியை அடைந்து அங்கும் பொருதார்கள். மலையில் புகை கண்டால் நெருப்பு உண்டென்று அனுமானிக்க வேண்டும் என்று தர்க்க சாஸ்திரம் படிப்போர் முதற்பாடமாகக் கற்பது வழக்கம். அன்று அந்த மலையில் நெருப்பும் புகையும் ஆவியுமாய்ச் சூழ்ந்திருக்க, தொலைவிலிருந்து பார்த்தவர்கள் ஏதோ புயல் என்று எண்ணிக்கொண்டு போனார்கள் என்றால், அந்நாட்டில் தர்க்கம் எவ்வளவு பின்தங்கியிருந்தது என்பது விளங்கும். 25-ஆம் நாள் பால்ராக் கீழே எறியப்பட்டது, காண்டால்ஃபும் மாண்டார். பிப்ரவரி 14-ஆம் நாள் உயிரோடு திரும்பினார். இடைப்பட்ட காலம் நம் கணக்கில் இருபது நாள். ஆனால் அந்நூலின் தேதிகள் மாதந்தோறும் முப்பதே நாள் கொண்ட ஷயர் நாட்டுப் பஞ்சாங்கத்தின்படி எழுதப்பட்டவை ஆதலால், பத்தொன்பது நாள் என்பதே சுத்தம். தமிழர் வீடாயிருந்தால் பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, பந்தலைப் பிரித்து, வந்த உறவினர் ஊர் திரும்பி, மூன்றாம் நாள் செத்தவர் வாசலில் வந்து நின்றார் என்று ஆகும். அவருடைய தோழர்களோ அப்போது லோரியன் வனத்தில் இருந்தார்கள். எல்ஃபுகள் அவருக்காக இரங்கற்பாக்கள் பாடினார்கள், தோழர்களுள் ஒருவனான ஃப்ரோடோ தானும் ஒன்று கட்டினான். பாட்டுடைத் தலைவர் புத்துயிர் பெற்ற அதே நாளில் அவர்கள் இன்னும் அவ்வனத்தில்தான் தங்கியிருந்தார்கள்.

இவர் இறந்தாரா என்று ஆசிரியரையே ஒரு பாதிரியார் நண்பர் கேட்டுவிட்டார். 1954 நவம்பரில் எழுதிய மறுமொழியில், இறந்தார் என்றே டோல்கீன் கூறுகிறார். இறந்தும் மாறாமல் வந்தால் அது வாசகரை ஏமாற்றுவது ஆகும் என்பது அவர் கருத்து. மாறித்தான் வந்தார். சாம்பல் உடை போய் வெள்ளுடை வந்தது. சாருமான் வகித்த தலைமைப் பதவியும் கூடவே வந்தது. தம் பழைய பெயர்கூட ஒரு கணம் யோசித்த பிறகே நினைவுக்கு வந்தது. மாண்டதன் பலனாகப் பதவி உயர்வு பெற்றவர்களின் ஜாபிதாவில் இவருக்கு முதலிடம் தரலாம். எனினும் இவர் தாமாகத் திரும்பி வரவில்லை, அனுப்பப்பட்டார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சாருமான் கதை நேர்மாறானது. காண்டால்ஃப் பொதுச்சபையில் சுங்கானில் புகை பிடித்ததைக் கண்டு பரிகசித்தவர் இவர். பரிகசித்தவரே பின்னர் ரகசியமாக ஷயர் நாட்டிலிருந்து புகையிலை தருவித்துப் பிடிக்கக் கற்றுக்கொண்டார் என்பதும், அது வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சினார் என்பதும் 1980-இல் வெளிவந்த 'முடியாத கதைகள்' தொகுதியில் காணக் கிடைக்கின்றன. அவருடைய ஐசன்கார்டு கோட்டை வெள்ளத்தில் மூழ்கியபோது இரண்டு ஹாபிட் இளைஞர்கள் அங்கே புகுந்து, உப்பிட்ட பன்றியிறைச்சி, ரொட்டி, வெண்ணெய், தேன் இவற்றோடு, முதல்தரமான ஷயர் புகையிலை நிரம்பிய இரண்டு சிறு பீப்பாய்களையும் கண்டெடுத்தார்கள். இந்தப் பீப்பாய்களைச் சாதாரண வாசகர்கள் வேடிக்கை என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள், ஆராய்ச்சியாளன் தாண்டலாகாது. வெளிப்படையாகப் புகைத்தவர் மாண்டு மீண்டார். ஒளித்துப் புகைத்தவர் என்ன ஆனார்? 3019 நவம்பர் 3-ஆம் நாள், தம் அடிமைபோல் இழுத்துத் திரிந்த கிரீமாவின் கத்தியால் பில்போவின் பழைய வீட்டு வாசலில் கழுத்தறுபட்டு வீழ்ந்தார். பிணத்தினின்று சாம்பல் நிறப் புகை ஒன்று எழுந்து, பெரிய வடிவாய் உயர்ந்து, தயங்கி மேற்குத் திசையை நோக்கிற்று. மேற்கிலிருந்து குளிர்காற்று அடித்தது. அவ்வடிவம் வளைந்து, ஒரு பெருமூச்சோடு கரைந்துபோயிற்று. புகையிலையை ஒளித்து வைத்தவர் புகையாகவே போனார். அழிந்தாரா என்றால் இல்லை. வாசற்கதவு சாத்தப்பட்டது, அவ்வளவுதான். அவரைச் சபையிலிருந்தும் சங்கத்திலிருந்தும் நீக்கி, கைக்கோலை முறித்த உத்தரவு அவ்வாண்டு மார்ச்சு மாதமே பிறந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உயிர் போனதற்கு எட்டு மாதம் முன்பே உத்தியோகம் போய்விட்டது என்று தெரிகிறது.

சௌரோன் உண்டதாக ஓரிடத்திலும் இல்லை. மோதிரம் கிடைத்தால் அவன் உலகம் முழுவதையும் தின்றுவிடுவான் என்று கொல்லம் என்பவன் ஒரு சமயம் அலறுகிறான். ஆயினும் எப்போதும் மீனையே நினைத்துக்கொண்டிருந்த ஒருவனின் வாக்குமூலத்தைப் பிறர் பசிக்குச் சாட்சியமாக ஏற்பது முறையாகாது. சௌரோனைக் கட்டியது உணவன்று, ஆபரணம். தன் வன்மையின் பெரும்பகுதியை ஒரு பொன் மோதிரத்தில் இட்டு வைத்தான். இட்டு வைத்த இடம் கெட்டால் இட்டவனும் கெடுவான். அவன் இறந்த கணக்கைத் தேதிவாரியாகப் பார்ப்பது பயனுடையது. இரண்டாம் யுகம் 3319-இல் நூமெனோர் தீவு கடலில் ஆழ்ந்தபோது உடல் இழந்தான். மறு ஆண்டே மோர்டோருக்கு மீண்டான், ஆனால் அழகிய வடிவம் எடுக்கும் ஆற்றல் அன்றோடு போயிற்று. 3441-இல் கில்-கலாதும் எலெண்டிலும் அவனை வீழ்த்த, இசில்தூர் மோதிரவிரலை வெட்டினான்; அவனுடைய நிழல் மறுபடி ஒரு காட்டின்மேல் படிய மூன்றாம் யுகத்தில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. மூன்றாம் யுகம் 3019 மார்ச்சு 25-இல் மோதிரம் உருகிற்று. பெரிய நிழல் ஒன்று எழுந்து கைநீட்டிற்று, காற்று அதை அடித்துச் சென்றது, அதன்பின் எழவே இல்லை. முதலில் ஓராண்டு, பிறகு ஓராயிரம் ஆண்டு, பிறகு என்றுமே இல்லை என்னும் இந்த வரிசைக்கு 1957-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் டோல்கீன் காரணம் கூறுகிறார்: ஒவ்வோர் உடலைக் கட்டும்போதும் உள்ளிருக்கும் வன்மை கொஞ்சம் செலவாகிறது, அழியாத மனத்தை அதன் எண்ணம் நிறைவேறும் செயலோடு இணைக்கும் கண்ணியே தேய்ந்துபோகிறது. மனம் அழியாது என்று ஆசிரியரே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார். எதையும் செய்ய இயலாமல், எல்லாவற்றையும் விரும்பிக்கொண்டு, தன்னைத் தானே அரித்துக்கொண்டு இருட்டில் கிடப்பதுதான் அவன் கதி. இந்தக் கதியை அவன் நெடுநாள் முன்பே ஊகித்திருந்தான் போலும். முதல் யுகத்தில் ஹூவான் என்னும் வேட்டைநாய் கழுத்தைக் கவ்விக்கொண்டபோது, உடலின்றி வெறும் ஆவியாக எசமானனாகிய மெல்கோர் முன்னே போய் நடுங்கி நிற்கும்படி ஆகும் என்று மெலியனின் மகள் லூதியன் ஒரு வார்த்தை சொல்ல, கோட்டையைக் கொடுத்துவிட்டு வௌவால் உருவெடுத்து ஓடினான். சாவில்லாதவர்களுக்குச் சாவைப் பற்றிய பயம் நம்மினும் அதிகம் என்பதற்கு இதைவிடப் பிரமாணம் வேண்டியதில்லை.

பால்ராக்குகளைப் பற்றிச் சிறிது. கோண்டோலின் நகரத்தின் வீழ்ச்சியில், அவர்களின் தலைவனான கோத்மோகும் எக்தெலியனும் ஒருவரையொருவர் கொன்று மாய்ந்தனர். வேறொரு பால்ராக்கும் குளோர்ஃபின்டெலும் மலைப்பாதையிலிருந்து விழுந்து மாய்ந்தனர். குளோர்ஃபின்டெல் எல்ஃப் ஆகையால் மண்டோஸ் வழியே திரும்பி வந்தான், பால்ராக் வரவில்லை. ஆரம்பகாலக் கையெழுத்துப் பிரதிகளில் நூற்றுக்கணக்கில் அணிவகுத்து வந்த இந்த ஆவிகள், பிற்காலத்தில் ஓரத்தில் எழுதிய ஒரு குறிப்பில், என்றும் மூன்றோ மிஞ்சினால் ஏழோதான் இருந்திருக்க வேண்டும் என்று குறைக்கப்பட்டன. எந்த வீரனின் வாளும் செய்யாத அளவு பால்ராக்குகளை ஒரே வரியில் தொலைத்தது ஆசிரியரின் பேனாவே.

இந்த இடத்தில் எதிர்க்கட்சியார் எழுந்து, உண்பதே அமரர்களைக் கட்டுமாயின் வாலாரின் விருந்துக்கு என்ன சொல்லுவீர் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மேற்றிசைத் திருநாட்டில் அறுவடைத் திருவிழா ஒன்றில் வாலார் உடல் தரித்து வந்து, தம்முள் ஒருத்தியாகிய யவன்னா விளைவித்த கனிகளை உண்டு குடித்து மகிழ்ந்தார்கள் என்று 'சில்மரிலியன்' வெளிப்படையாகச் சொல்லுகிறது. அவர்கள் ஒருவரும் சாகவில்லை. இதற்குச் சமாதானம், பண்டிகைச் சாப்பாடு வேறு, பழக்கச் சாப்பாடு வேறு என்பது. பெங்கோலோத் கண்டிப்பது வழக்கத்தை. ஆண்டுக்கொரு முறை இலைபோட்டு உண்பவனை எந்தச் சாஸ்திரமும் போஜனப் பிரியன் என்று சொல்லுவதில்லை. மேலும், அதே திருவிழா நேரத்தில், மலைமேல் அவர்கள் அளவோடு உண்டுகொண்டிருக்கையில், கீழே சமவெளியில் வேறொருத்தி அளவின்றி உண்டுகொண்டிருந்தாள்.

அவள் உங்கோலியன்ட். சிலந்தி வடிவு கொண்ட இந்த இருட்டு ஆவி எந்த வகுப்பைச் சேர்ந்தவள் என்பதை நூல் திட்டமாகச் சொல்லவில்லை. பசியின் வகுப்பு என்று நாம் சொல்லிவிடலாம். மெல்கோரின் துணையோடு வந்து, உலகத்துக்கு ஒளி தந்த இரு மரங்களின் சாற்றை உறிஞ்சினாள்; அது போதாமல் வாலாருள் ஒருத்தியாகிய வார்தாவின் ஒளிக்கிணறுகளையும் வற்றக் குடித்தாள்; குடிக்கக் குடிக்கப் பெருத்து, மெல்கோரே கண்டு அஞ்சும்படி ஆனாள். வழியில் அவன் கொள்ளையிட்டு வந்த மணிகளைக் கேட்டு வாங்கி விழுங்கினாள். மற்றொரு கையிலிருந்த சில்மரில் மணிகளை அவன் தர மறுக்கவே, அவனை வலையில் சுருட்டிவிட்டாள். அவன் கத்திய கத்தலில் மலைகள் நடுங்க, பால்ராக்குகள் நெருப்புச் சவுக்குகளோடு ஓடிவந்து விடுவிக்க வேண்டியதாயிற்று. பிறகு ஒரு பள்ளத்தாக்கில் குடியேறி, அங்குள்ள சிலந்திகளோடு கூடி, கூடிய பின் அவற்றையும் தின்றாள். உண்பதும் கட்டும், பெறுவதும் கட்டும் என்றார் பெங்கோலோத். மணவாளனையே மறுவேளை உணவாகக் கொண்டவளிடம் இரண்டு கட்டும் ஒரே முடிச்சாகச் சேர்ந்துவிட்டன. இறுதியில் தின்ன ஒன்றும் கிடையாமல் தன்னையே தின்று முடிந்தாள் என்று சிலர் சொல்லுகிறார்கள் என நூல் முடிக்கிறது. கேள்விப்பட்டதைச் சாட்சியமாகக் கொள்ளலாகாது என்பது மெய்யே. ஆனால் தன்னைத் தான் உண்பவளின் கடைசிக் கவளத்தைப் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்லச் சாட்சி எங்கே கிடைப்பான்? ஒட்டுமொத்தக் காகிதங்களிலும், ஓர் ஆவி மிச்சமின்றி ஒழிந்தது என்று சொல்லத்தக்க இடம் இது ஒன்றே, அதுவும் சாப்பாட்டினால்.

வழக்குக்குப் பெரிய இடைஞ்சல் மெலியன். மையார் குலத்துப் பெண்ணாகிய இவள் திங்கோல் என்னும் எல்ஃப் அரசனைக் காதலித்து, அதற்காகவே உடல் தரித்து, லூதியனைப் பெற்றாள். பிள்ளை பெறுவதே எல்லாவற்றிலும் இறுகக் கட்டுவது என்பது நம் விதி. அவ்விதிப்படி இவள் கணவன் கொலையுண்ட அன்றே உடலோடு மண்ணில் அகப்பட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கணவன் உடலருகே பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு மத்திய பூமியை விட்டு மறைந்து, மேற்றிசைத் தோட்டங்களுக்குத் திரும்பிவிட்டாள். விதி பொய்த்ததா என்றால், சாப்பாட்டுக் கணக்கை மறுபடி புரட்டினால் விடை அகப்படுகிறது. மெலியன் உண்டதாகச் சொல்லும் இடம் எம் கண்ணில் படவில்லை. ஊட்டியதாகச் சொல்லும் இடம் நன்றாகத் தெரிந்தது. லெம்பாஸ் என்னும் வழிப்பயண அப்பத்தை வெள்ளி இலைகளில் பொதிந்து, நூலால் கட்டி, முடிச்சில் வெண்மெழுகு முத்திரையிட்டு பெலெக் என்னும் வில்லாளிக்குக் கொடுத்தனுப்பியவள் இவளே. அதைக் கொடுக்கும் உரிமை அரசிக்கு மட்டும் உரியது. ஆகவே, உண்பது கட்டும், ஊட்டுவது கட்டாது என்று ஒரு துணைவிதி சேர்த்துக்கொள்ளப்படுகிறது. சித்தாந்தம் முறியும் இடத்தில் துணைவிதி சேர்த்து ஒட்டுவது ஆராய்ச்சி உலகில் ஆகாத காரியம் அன்று.

ஆனால் அவளைப் பற்றிய செய்தி துணைவிதியோடு முடிந்துவிடுவதில்லை. லூதியன் தன் காதலனாகிய பெரென் என்னும் மானிடனுக்காக மானிடரின் சாவை வேண்டிப் பெற்றுக்கொண்டாள். எல்ஃபுகள் மண்டோஸில் தங்குவார்கள், கேட்டால் செய்தியாவது கிடைக்கும். மானிடர் போகும் இடம் வாலாருள்ளும் பெரும்பாலோர்க்குத் தெரியாது. தாய்க்குச் சாவில்லை, மகள் செத்தே போனாள். இந்த உலகம் உள்ளவரையில் அவர்கள் சந்திப்பதற்கு வழியில்லை. இவ்வளவு வாதித்த பின்னும், அந்நூல்களில் மெய்யாகவே இறந்தவர் யார் என்று கேட்டால், ஆவிகளையெல்லாம் விட்டுவிட்டு லூதியனைத்தான் காட்டத் தோன்றுகிறது.

மெல்கோரின் உடல்நிலை தனி நூலுக்கு உரிய பொருள். ஃபிங்கோல்ஃபின் அரசன் வெட்டிய ஏழு காயங்களும் ஆறவில்லை, கால் நொண்டிற்று. சில்மரில் மணிகளைத் தொட்ட கை கருகியது கருகியபடியே இருந்தது. அமரனாயிருந்துகொண்டு ஆறாத புண்ணோடு யுகக் கணக்கில் அரசு நடத்துவதைவிடச் சாவது சுகம் என்று எவருக்கும் படும். பெரியவர்களுள் உடலோடு நிரந்தரமாகக் கட்டுண்டவன் இவன் ஒருவனே; கோபப் போரின் முடிவில் அந்தக் கால்களையும் வெட்டி, சங்கிலியிட்டு, உலகின் சுவருக்கு அப்பாலுள்ள சூனியத்தில் தள்ளிவிட்டார்கள்.

டாம் பாம்படில் என்னும் காட்டுவாசியைச் சொல்லாமல் விட்டதாக யாரும் குறைப்பட வேண்டாம். தேன்கூடும் மஞ்சள் பாலேடும் வெள்ளை ரொட்டியும் வெண்ணெயுமாக நாள்தோறும் வயிறார உண்ணும் அவர், உலகெல்லாம் வீழ்ந்த பின்னரே கடைசியாக வீழ்வார் என்று ஆலோசனைச் சபையில் குளோர்ஃபின்டெல் சொல்லுகிறான். நம் சித்தாந்தத்துக்கு இது அனுகூலமான தகவல் அன்று. ஆயினும் அவர் ஆவியா, வேறு எதுவா என்பதைப் புதிராகவே விட்டது வேண்டுமென்று செய்ததே என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார் ஆதலால், குலம் தெரியாதவரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவதை நாமும் மரியாதையாகத் தவிர்க்கிறோம்.

எஞ்சியிருப்பவர் ராடகாஸ்ட். காண்டால்ஃபோடு வந்த ஐவருள் ஒருவர். பறவைகளோடும் விலங்குகளோடும் பழகி, ரோஸ்கோபெல் என்னும் இடத்தில் குடியிருந்தவர். இவர் இறந்தாரா, மேற்றிசை திரும்பினாரா, மரத்தடியில் இன்னும் இருக்கிறாரா என்பதற்குக் கதையில் விடை இல்லை. எல்ராண்ட் என்பவர் அனுப்பிய தூதர்கள் மலைகளைக் கடந்து ரோஸ்கோபெல் போய்ப் பார்த்து, ராடகாஸ்ட் வீட்டில் இல்லை என்று மட்டும் வந்து சொன்னார்கள். அவ்வளவு தூரம் போனவர்கள் அடுக்களையை ஒரு தடவை எட்டிப் பார்த்து, அடுப்பில் என்ன இருந்தது என்று எழுதிக்கொண்டு வந்திருந்தால், அவர் இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்பதை இந்தக் கட்டுரையிலேயே நிர்ணயம் செய்திருக்கலாம்.